கண்ணாடிமேல் ஒரு கோழிக்குஞ்சு

பிலோவின் சாவு வீட்டுக்கு நான் பட்டப்பகலில்தான் போனேன். வாசலில் நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். காப்பி, பிஸ்கட், மெழுகுவத்திப் புகை, எல்லாவற்றுக்கும் அடியில் பிண மருந்தின் நெடி. பிலிப்பைன்ஸில் எங்கள் சாமார் தீவில் சாவு வீடு என்றால் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் இந்தச் சவப்பெட்டியின் கண்ணாடிமேல் ஒரு கோழிக்குஞ்சு நின்றது.

கொலையுண்டவனின் பெட்டிமேல் அரிசி தூவிக் குஞ்சை விடுவது எங்கள் வழக்கம். அது கொத்துகிற ஒவ்வொரு கொத்தும் கொன்றவன் நெஞ்சில் விழும் என்பார்கள்.

டொக். டொக்.

கண்ணாடிக்குக் கீழே பிலோவின் முகம். தாடைக்குள் பஞ்சு அடைத்து ஒட்டியிருந்தார்கள். பத்து வருஷமாகக் காலை ஆறு மணிக்கு எங்கள் வானொலியில், "நல்லா விடிஞ்சுதா, புலாவன்?" என்று ஊர்ப் பெயர் சொல்லி ஊரையே கேட்ட வாய் அது. மேயர் ஆற்று மணலை வாரி விற்கிறார் என்று பெயர் சொல்லிப் பேசிய வாய். அதனால் வாயிலேயே சுட்டார்கள். அவனுக்கு மைக் பிடித்துக் கொடுத்த டெக்னீஷியன் நான்.

அன்று அவன் வானொலி நிலையத்துப் பின்கேட் வழியாகப் போவான் என்று அவர்களுக்குச் சொன்னதும் நான்தான்.

வேறென்ன செய்வது? மேயரின் ஆள் எஃப்ரென் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். பள்ளிக்கூட வாசலில் என் மகள் லிகாயா, எட்டு வயது. கீழே ஒரே வரி: "பொண்ணு நல்லா வளந்துட்டாளே." அவள் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். எனக்கு இங்கே இருப்பது இவள் ஒருத்திதான். சொல்லிவிட்டேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்!

பிலோவின் மனைவி மெர்செடிட்டா காப்பி நீட்டினாள்.

"ஹெனாரோ அண்ணே, நீங்களாச்சும் வந்தீங்களே. பத்திரிகைக்காரப் பய ஒருத்தன் எட்டிப் பாக்கல."

"அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கில்ல தங்கச்சி."

"எங்களுக்கு இல்லியாக்கும்?"

குஞ்சு கொத்துவதை நிறுத்தியது. தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது.

காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மெர்செடிட்டா பின்னாலேயே வந்து கிசுகிசுத்தாள். "நேரா வீட்டுக்குப் போயிடாதீங்கண்ணே. எங்கயாச்சும் நின்னுட்டுப் போங்க."

இது யாருக்குத் தெரியாது? சாவு வீட்டிலிருந்து வருகிறவன் நடுவில் ஒரு கடையிலாவது நிற்கவேண்டும். கூட வந்த ஆவி அங்கேயே தங்கிவிடும். ரொட்டிக்கடையில் நிற்கத்தான் போனேன். கடையை எட்டுமுன்பே பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு நின்றது.

"என்னப்பா, அழுது முடிச்சாச்சா?" எஃப்ரென் பல்லைக் காட்டினான். "நாளையிலேர்ந்து காலை நிகழ்ச்சி உன்னுது. வெறும் பாட்டு. பேச்சு மூச்சு இருக்கக்கூடாது."

உயிரோடிருக்கிறவனுக்குப் பயந்து செத்தவனை மறந்தேன். நேரே வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் ஆறு மணிக்குப் பாட்டைப் போட்டேன். பிலோ எங்கே என்று ஒருவர்கூடப் போன் செய்து கேட்கவில்லை. சாயங்காலம் வீடு திரும்பியபோது லிகாயா சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோவில் காதை வைத்திருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"உஷ்ஷ்! பிலோ மாமா பேசறாரு."

ரேடியோவின் வயர் தரையில் கிடந்தது. அவன் செத்த அன்றே நான் பிடுங்கிப் போட்டது.

டொக்.

"அவர் செத்துட்டாரும்மா."

"தெரியும். நேத்து நீதான கூட்டிட்டு வந்த? காலைல நீ போனதும் ஆறு மணிக்கு ஆரம்பிச்சுட்டாரு." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பின்கேட்னு நீதான் சொன்னியாமே, அப்பா?"

யாருக்காகச் செய்தேனோ அவளிடமே சொல்லிவிட்டானே, படுபாவி!

"வேற... வேற என்ன சொன்னாரு?"

"பேரு. சுட்டவங்க பேரு, சுடச் சொன்னவரு பேரு. அவருக்கு வாய் வலிக்குதாம். அதனால என்னைச் சொல்லச் சொன்னாரு." அவள் சிரித்தாள். "இன்னிக்கு ஸ்கூல்ல கொடியேத்தினப்போ மைக்குல சொல்லிட்டேன்பா. ஒருத்தரும் கை தட்டல. டீச்சர் அழுதாங்க."

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

எஞ்சினை அணைக்கவில்லை.

லிகாயாவை வாரி எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தேன். சத்தம் போட்டுவிடாமல் அவள் வாயைக் கையால் இறுக்கிப் பொத்தினேன். வாசல் கதவு திறந்தது.

என் உள்ளங்கையை ஏதோ கொத்தியது.

டொக்.

மூடிய வாய்க்குள்ளிருந்து, பஞ்சில் அமுங்கிய ஓர் ஆண் குரல் கேட்டது.

"நல்லா விடிஞ்சுதா, ஹெனாரோ?"