தோளில் வைத்த கை

காபி டம்ளரை மேசையில் வைத்த பிறகும் சிற்றம்பலத்தின் வலது கை அதை விடவில்லை.

விரல்கள் டம்ளரைச் சுற்றி அப்படியே நின்றன. சூடு தோலில் ஏறியது. விடு என்று நினைத்தார். இன்னொரு தடவை நினைத்தார். அதன்பிறகுதான், மேலதிகாரி மூன்றாவது முறை கூப்பிட்டதும் எழுந்திருக்கிற பியூனைப் போல, ஒவ்வொரு விரலாகச் சலித்துக்கொண்டு பிரிந்தன.

"இன்னாங்க, டம்ளர விட மனசு வரலையா?" என்றாள் மனைவி திலகவதி.

"சுகர் ஜாஸ்தியா இருக்கும்" என்றார்.

சிதம்பரத்தில் சிற்றம்பலம் சாதாரண ஆள் இல்லை. தென்னாற்காடு சரக்கு ரயில் ஒளிப்படக் கழகத்தின் நிறுவனத் தலைவர். கழகத்தில் ஆட்கள் நான்கு பேர், பதவிகள் ஐந்து. மிச்சமிருந்த பொருளாளர் பதவியையும் அவரே பெருந்தன்மையோடு சுமந்தார். பயணிகள் ரயிலைப் படம் எடுப்பவர்களை அவர் ஆளாகவே மதிப்பதில்லை. "அதுல மனுசங்க இருப்பாங்க சார். கவனம் செதறும்" என்பார்.

அவருக்கு இருந்த ஒரே குறை மாவட்டத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி மலை இல்லாதது. அதைக் கடலூர்ப் பக்கத்துக் கேப்பர் மலை தீர்த்து வைத்தது. பெயர்தான் மலை, பேசிக்கொண்டே ஏறிவிடலாம். ஆனால் அந்தச் செம்மண் மேட்டை வெட்டித் தண்டவாளம் வளைகிற ஓர் இடம் உண்டு. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே குந்தி, அகலமான காட்சி பிடிக்கும் லென்ஸைப் போட்டு எடுத்தால், இரண்டு பக்கமும் மண்சுவர்கள் வானம் வரை எழும். பார்க்கிறவன் மேற்குத் தொடர்ச்சி மலை என்று சத்தியம் செய்வான்.

சிக்கல் என்னவென்றால், அந்த லென்ஸில் ரயில் எப்போதும் தூரத்திலேயே இருக்கும். நெற்றிக்கு எதிரே வந்த பிறகும் தூரத்தில்தான் தெரியும். அதற்காகக் கழகத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். படம் எடுப்பவரின் தோளில் இன்னொருவர் தண்டவாளத்துக்கு வெளியே நின்று கை வைத்திருப்பார். சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லை ரயில் தாண்டியதும் கை அவரை வெளியே இழுத்துவிடும். அந்த ஆளுக்குப் பெயரே 'கை'. "இன்னைக்கு ஒனக்கு யாருப்பா கை?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

போன பங்குனியில் சார்லசுக்குக் கை சிற்றம்பலம்.

சார்லஸ் கடலூரில் எக்ஸ்ரே எடுப்பவர், சாது. அன்று சாயங்கால வெயில் செம்மண்ணில் விழுந்து பள்ளம் முழுக்கத் தணல் மாதிரி கனன்றது. வளைவில் நிலக்கரி ரயில் திரும்பியது. சிற்றம்பலத்தின் கேமரா கழுத்தில் தொங்கியது. தோளிலிருந்து கையை எடுத்துக் கேமராவைத் தூக்கினார். நான்கு நொடிதான்.

போலீசிடம், "இழுத்தேன் சார், திமிறிட்டாரு" என்றார். படத்தின் கீழ் ஓரத்தில் தெரிந்த சார்லசின் முதுகை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போட்டிக்கு அனுப்பினார். 'மலைப்பாதையில் சரக்கு ரயில்' பிரிவில் அகில இந்திய முதல் பரிசு.

டம்ளர் விஷயம் நடந்த ஞாயிற்றுக்கிழமைதான் பாராட்டு விழா. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம், நாற்பது நாற்காலி, பதினாறு பொன்னாடை. சிறப்பு விருந்தினர் ஏதோ ஓர் ஆலோசனைக் குழுவின் முன்னாள் உறுப்பினர். அந்த 'முன்னாள்' என்பதை மட்டும் சத்தமில்லாமல் சொல்லிக்கொள்பவர். கேடயத்தைக் கொடுத்துவிட்டுக் கை குலுக்கினார். சிற்றம்பலத்தின் கை விடவில்லை.

கேமராக்கள் மின்னின. விருந்தினர் சிரித்தார். அப்புறம் பல்லைக் கடித்துச் சிரித்தார். அவருடைய ராசிக்கல் மோதிரம் சதைக்குள் இறங்கியது. விரலிடுக்கில் ரத்தம் கசிந்து மணிக்கட்டுக்கு ஓடியது. என்ன ஒரு நன்றியுணர்ச்சி என்று கூட்டம் கை தட்டியது. உள்ளே ஒரு சின்ன எலும்பு முறிந்த சத்தம், சுண்டல் கடிபடுகிற சத்தம், சிற்றம்பலத்துக்கு மட்டும் கேட்டது. அதன்பிறகு கை விட்டது.

படியிறங்கும்போது கடைசி வரிசையிலிருந்து சார்லசின் மனைவி ஜான்சி எழுந்து வந்தாள். அவளை யாரும் அழைத்திருக்கவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு சந்தேகம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அவரு தோள்ல ஒரு கை இருந்துச்சுன்னு சொன்னீங்க. இந்தப் படமும் அந்த நேரத்துலதான் எடுத்ததுன்னு இப்ப மேடையில சொன்னாங்க. அவ்ளோ பெரிய கேமராவ ஒத்தக் கையில புடிக்க முடியுமாண்ணே?"

சிற்றம்பலம் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். வணக்கம் வைத்துத் தப்பிக்கப் பார்த்தார். வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டது. அப்படியே, கும்பிட்ட கோலத்திலேயே, வீடு வரைக்கும் போனார்.

டாக்டர் நரம்பு என்றார், மாத்திரை கொடுத்தார். மாத்திரை அட்டையைக் கை நசுக்கியது. பஸ்ஸில் கம்பியை விடாமல் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினார். அதன்பிறகு வலது கையைப் பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளப் பழகினார். உள்ளே அது மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருப்பது தொடையில் தெரியும்.

இந்த நிலையில்தான் திலகவதியின் தம்பி சுரேந்தர் புது கேமராவோடு வந்து நின்றான். "மாமா, இந்த வருசமும் பரிசு நம்ம வூட்டுக்குத்தான். நீங்கதான் எனக்குக் கை."

"நம்ம கழகத்துத் தமிழ்மணியக் கூட்டிட்டுப் போ மச்சான்."

"அவுருக்குக் கண்ணே தெரியாது மாமா. இஞ்சினு தாண்டுன அப்புறம் கல்லத் தேடுவாரு. நீங்க வர்றதுக்கு இன்னா?"

இன்னா என்று சொல்வதானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேடயம் கூடத்தில் டிவிக்கு மேலே இருந்தது. சிற்றம்பலம் அதைப் பார்த்தார்.

"வரேன்" என்றார்.

"பத்தரமாக் கூட்டியாங்க. ஒரே தம்பி எனக்கு" என்றாள் திலகவதி.

பள்ளத்தில் அதே சாயங்கால வெயில். மேட்டின் மேல் முந்திரித் தோப்பு. அழுகிய பழத்தின் புளித்த வாடையும், ஜல்லியில் படிந்த இரும்புத் தூளின் வாடையும், யாரும் கழுவாத ஏதோ ஒன்றின் வாடையும் கலந்து, காற்று அசையாமல் அந்த மண்சுவர்களுக்கு நடுவே தேங்கி நின்றது. மேலே மின்கம்பி கொசு பறக்கிற மாதிரி ஓயாமல் முனகியது. டீசல் இஞ்சின் காலத்தில் ரயில் வருவதை முக்கால் மைலுக்கு முன்பே காது சொல்லிவிடும். இப்போதெல்லாம் ரயில் வந்து நின்ற பிறகுதான் சத்தம் வருகிறது.

சுரேந்தர் தண்டவாளங்களுக்கு நடுவே குந்தினான். நீலச் சட்டை. பிடரியில் வியர்வை. சிற்றம்பலம் வெளியே நின்று இடது கையை அவன் தோளில் வைத்தார். யோசித்து வைத்திருந்தார், இன்று எல்லாம் இடது கைதான். வலது கை பாக்கெட்டில் சாவிக்கொத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"கை இருக்குல்ல மாமா?"

"இருக்குடா."

தண்டவாளம் லேசாக டிக் டிக் என்றது. வளைவில் விளக்கு தெரிந்தது. இஞ்சின் திரும்பியது, பின்னால் கறுப்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"அய்யோ மாமா, இன்னா வெளிச்சம்! மலை மாதிரியே இருக்கு!"

பாக்கெட்டுக்குள் சாவிகள் கலகலத்தன. வலது கை வெளியே வந்தது. அவர் அதை வரச் சொல்லவில்லை. அது இடது கையைத் தோளிலிருந்து தள்ளியது. பொறுமையாக. அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளைக் கல்.

இஞ்சின் கல்லைத் தாண்டியது.

இழு, என்றார். கை இழுக்கவில்லை. அமுக்கியது.

"இப்பவா மாமா?"

"எந்திரி! ஓடுடா!"

"வுடுங்க மாமா, எப்புடி எந்திரிக்கிறது?"

ஹாரன் அலறியது. மண் உதிர்ந்தது. இடது கையால் வலது விரல்களைப் பிரித்தார். பிரியவில்லை. கடித்தார். தோல் கிழிந்தது, வாயில் உப்பு, எலும்பில் பல் பட்டது. கைக்கு வலிக்கவில்லை. நீலச் சட்டைக்குள் காரை எலும்பு மடக்கென்றது. சுரேந்தர் கேமராவைப் போட்டுவிட்டான். திரும்பிப் பார்த்தான். முதல்முறையாக லென்ஸ் இல்லாமல் ரயிலைப் பார்த்தான்.

"மாமா—"

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

கை இழுத்தது.

காற்று அவரை மண்சுவரில் அறைந்தது. பெட்டி, பெட்டி, பெட்டி. சக்கரங்கள் கிறீச்சிட்டன, ஈரமான ஏதோ சக்கரத்தில் சுற்றிச் சுற்றி அடித்தது, முகத்தில் சூடாகத் தெறித்தது. வெகுதூரம் போய் ரயில் நின்றது. மின்கம்பி மறுபடியும் முனகியது. யாரோ ஜல்லியில் ஓடி வந்தார்கள். வந்தவர் பாதியிலேயே நின்று, குனிந்து, வாந்தி எடுத்தார்.

சிற்றம்பலம் கீழே பார்த்தார். கை சொன்ன வேலையைச் செய்திருந்தது. பிடித்ததை வெளியே கொண்டுவந்திருந்தது. பிடித்தது மட்டும்தான் வந்திருந்தது: ஒரு தோள், நீலத்துணி, அதிலிருந்து தொங்கிய ஓர் இளம் கை.

அவருடைய ஐந்து விரல்களும் அந்தத் தோளின் மேல் இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மெல்ல நிமிர்ந்தன. தூளியில் சிணுங்குகிற குழந்தையைத் தட்டுவது போல, மிருதுவாக, தோளைத் தட்டிக் கொடுக்கத் தொடங்கின.