பூசு மஞ்சள் வாசனை

ஷவர் ட்ரேக்கு அடியிலிருந்து தண்ணி கசிஞ்சதைக்கூட யுவராணி பெருசா எடுத்துக்கல. அந்தத் தண்ணியில பூசு மஞ்சள் வாசனை அடிச்சதுதான் அவளுக்குப் புரியல. பரு வருதுன்னு அவ மஞ்சளைத் தொட்டே வருஷக்கணக்காச்சு. திருநின்றவூர்ல அந்த வீட்டுல இருக்கறது கல்யாணமாகி வந்த அவளும், புருஷன் வெற்றிச்செல்வனும் மட்டும்தான்.

"பிளம்பர் கிளம்பர்னு எவனையாவது உள்ள உட்ட, தெரியும் சேதி. நானே பாத்துக்கறேன்"னு அவன் சீறினான்.

ஒரு ஓட்டை பைப்புக்கா இவ்வளவு கோவம்? முதல் பொண்டாட்டி சுதாவைப் பத்திக் கேட்டப்பவும் இதே முழிதான் முழிச்சான். "ஓடிட்டா, உடு"ன்னான். சுதா போன கையோட பாத்ரூமை இடிச்சு, செங்கல் மேடை கட்டி, அது மேல இந்த வெள்ளை ட்ரேயைப் பதிச்சதும் அவன்தான், தனி ஆளா. இதெல்லாம் மனசுல முடிச்சு போட்டுக்கிட்ட பிறகு ஒருத்திக்குச் சோறு இறங்குமா? அவன் அம்பத்தூருக்கு ஷிப்டு கிளம்பினதும் பிளம்பர் துலுக்கானத்துக்குப் போன் போட்டா.

துலுக்கானம் ஒருக்களிச்சுப் படுத்து மேடையைத் தட்டிப் பாத்தாரு.

"இன்னா தங்கச்சி, கை உட ஒரு சந்துகூட இல்லாம சிமெண்டு வச்சி அடச்சிகீறான்? என்னிக்காவது தொறக்க வேண்டி வரும்னு கட்னவனுக்குத் தெரியாதா?"



டைல்ஸைப் பேத்து ரெண்டு செங்கல்லை உருவினதும், உள்ளேயிருந்து சில்லுனு ஒரு காத்து, ஈர மண்ணும் மஞ்சளும் கலந்த வாசனையோட அவ முகத்துல அடிச்சுது. அவரு டார்ச்சை உள்ள நீட்டினாரு.

"சமையல் மஞ்சத்தூள கலக்கி மேல ஊத்து. எங்க ஒயுகுதுன்னு பளிச்சுனு தெரியும்."

ஊத்தினா. வேஸ்ட் பைப்பு ட்ரேயோட சேர்ற இடத்துல மஞ்சளா சொட்டுச்சு. அவரு நஞ்சுபோன வாஷரைத் தூக்கிப் போட்டு, புதுசை மாட்டி முறுக்கினாரு.

"இப்ப நல்ல தண்ணி ஊத்து."

சொட்டு இல்லை. துலுக்கானம் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்னுபோச்சு. பைப்பே இல்லாத பின்மூலையிலிருந்து மஞ்சத் தண்ணி மெதுவா ஊர்ந்து வந்து அவரு முழங்கையை நனைச்சுது. மோந்து பாத்தாரு.

"இது நீ கலக்குனது இல்ல தங்கச்சி. கொயம்பு மஞ்சளுக்கு இந்த வாசனை ஏது? இது பொம்பளைங்க மூஞ்சிக்குப் பூசறது."

அப்பதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. மஞ்சக் கிழங்கைக் கல்லுல உரசற சத்தம். சர்க்... சர்க்... நிதானமா.

துலுக்கானம் பையைக்கூட எடுக்காம ஓடினாரு.

யுவராணி அந்த ஓட்டையையே பாத்துக்கிட்டு நின்னா. வாசல்ல வண்டிச் சத்தம். சுத்தியல் அடிச்சதைக் கேட்டு யாரோ அவனுக்குப் போன் பண்ணியிருக்கணும். வெற்றிச்செல்வன் நேரா பாத்ரூமுக்கு வந்தான். ஓட்டையைப் பாத்தான். கத்தல. அதுதான் அவளுக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

"எவன் வந்தான்? என்னத்தப் பாத்தான்?"

"தண்ணி மட்டுந்தாங்க."

அவன் பார்வை அவ கழுத்துல வந்து நின்னுச்சு. சுதா ஓடிப்போகலைன்னு யுவராணிக்கு அந்த நிமிஷம் தெரிஞ்சுபோச்சு. அடுத்தது தான்னும் தெரிஞ்சுபோச்சு.

"உன்ன அப்புறம் வச்சுக்கறேன்"னு சொல்லிக்கிட்டே குனிஞ்சு, வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கான்னு பாக்கறவன் மாதிரி, தோள் வரைக்கும் கையை உள்ள விட்டான்.

உரசற சத்தம் நின்னுச்சு.

"கைய உடுடி"ன்னான், திரும்பாம.

யுவராணி கதவுப் பக்கம் நின்னா. அவளோட ரெண்டு கையும் நிலையைப் பிடிச்சிருந்துச்சு.

"உடுன்றேன்ல!"

வெளியே வந்தா. கதவைச் சாத்தினா. தாழ் போட்டா.

ஒரு அலறல். ஒண்ணே ஒண்ணு.

அப்புறம் மக்குல மொண்டு மொண்டு ஊத்தற சத்தம். அவசரமே இல்லாம யாரோ தலைக்குக் குளிக்கற சத்தம். கதவுக்கு அடியில மஞ்சத் தண்ணி வந்துச்சு. அவ பாதத்தைத் தொட்டுச்சு. அவ பாத்துக்கிட்டிருக்கும்போதே சிவந்துச்சு.

சுண்ணாம்பு எதையும் யாரும் கலக்கல. ஆனாலும் இந்த வீட்டு வாசல்ல நிக்க வச்சு, புதுப் பொண்ணா வந்த அவளுக்குச் சுத்திக் கொட்டினாங்களே, அதே ஆரத்தித் தண்ணி நெறம். உள்ள இன்னும் ஊத்திக்கிட்டேதான் இருந்தாங்க.