தண்ணீரில் ஆறு கால்கள்

ஆறு கால். எந்த ஊர்ப் பறவைக்கு ஆறு கால் இருக்கிறது? நேற்று சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பௌசியா மறுபடி எண்ணினாள். ஆறுதான்.

படத்தில் இலைக்கோழிக்கு ஒழுங்காக இரண்டே கால். தாமரை இலையின் ஓரத்தில் நீண்ட விரல்களைப் பரப்பி ஒற்றையாய் நின்றது. கீழே தண்ணீரில் தெரிந்த பிம்பத்தில்தான் இந்தக் கூத்து.

பிம்பத்தெளிவி என்ற கருவி வந்த பிறகு படங்களில் கலங்கிய தண்ணீரே கிடையாது. அலையையும் பாசியையும் விலக்கி, தண்ணீருக்குள் விழுந்த பறவையை அது இறகு இறகாக மீட்டுவிடும். பிறகு மேலே இருப்பதோடு ஒப்பிட்டு, பொருந்தாததைச் சிவப்பில் வட்டமிட்டு, 'பிழை, நீக்கவா?' என்று கேட்கும். தொகுப்பாளர் திரையில் விரல் வைத்தால் நீக்கிவிட்டு முத்திரை இடும். முத்திரை இல்லாத படம் பறவைக் கணக்கெடுப்பில் சேராது. திருநெல்வேலியில் இந்த அறையில் உட்கார்ந்து எட்டு வருடமாகப் பௌசியா விரல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா பௌசியா, அது முட்டை போடுத வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பியா?" இந்தப் படத்தொகுப்பு நிறுவனத்தை நடத்தும் ஐசக் டீ டம்ளரோடு வந்தார்.

"அண்ணே, இதுக்கு ஆறு கால் இருக்கு."

"நாலைத் தூக்கிரு. சாயங்காலத்துக்குள்ள கடைசிப் படம் போகணும். இந்தக் குளத்துல எதுவும் குஞ்சு பொரிக்கலன்னு அறிக்கை ரெடியா இருக்கு. நாளைக்கே தாமரையெல்லாம் வழிச்சுட்டு படகு விடப்போறாங்க."

விரல் திரைவரை போய் நின்றது. இது கண்காணிப்புக் கோபுரத்தின் மேலிருந்து எடுத்த படம். கேமரா பறவையின் முதுகைப் பார்க்கிறது. தண்ணீர் கீழே இருந்தல்லவா பார்க்கிறது! சிறகின் அடிப்பக்கம் கேமராவுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

பெரிதாக்கினாள். சிறகுக்கு அடியிலிருந்து நூல் நூலாக நான்கு குட்டிக் கால்கள் தொங்கின. இலைக்கோழிகளில் குஞ்சு வளர்ப்பது ஆண். இரண்டு குஞ்சுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவன்போல் நின்றான் தகப்பன்.

பௌசியா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, முந்தைய வருடங்களில் இதே குளத்துப் படங்களில், நீக்குவதற்கு முன் தெளிவி மீட்டிருந்த பிம்பங்களைத் திறந்தாள். ஆறு கால், எட்டு கால், ஒன்றில் பத்து. எல்லாமே அவள் விரலால் போனவை. தெளிவாக்குவதாக நினைத்து, தனக்குத் தெரிந்ததுபோல் ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். குஞ்சு பொரிக்காத ஒரு குளத்தை அவளும் கருவியும் சேர்ந்து உண்டாக்கியிருக்கிறார்கள்.

வெட்கம் வர வேண்டிய இடத்தில் சந்தோஷம் முந்திக்கொண்டது. அத்தனையும் பிறந்திருக்கின்றன! அவள் அழித்தது படத்தில் மட்டும்தான். குளத்தில் அவை இலைக்கு இலை தாவி, வளர்ந்து, பறந்தே போயிருக்கின்றன.

ஐசக்கும் குனிந்து பார்த்தார். "அட, என்னமா ஒளிச்சு வச்சிருக்கான்!" என்று சிரித்தவர், டம்ளரை மேசையில் வைத்தார். "அழகாத்தான் இருக்கு. ஆனா முத்திரை இல்லன்னா அறிக்கை நின்னுரும். எட்டு வருசப் படத்தையும் தோண்டுவாங்க. நம்ம பேரு நாறிரும்மா. ஒரு விரல்தானே, வச்சிரு."

பௌசியா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் வைக்கலண்ணே," என்றாள் மெதுவாக.