மாமாவின் ஐந்து படங்கள்

என் மாமாவைப் போலத் துண்டு மடிக்க இந்த ஊரிலேயே ஆள் கிடையாது. ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் ஒரு நூல் பிசகாது. ஆனால், எதிரே சுவரில் ஐந்து படங்கள் இருக்க வேண்டும். முதலில் விரி, பிறகு மடி என்று வரிசையாக. படம் இல்லாவிட்டால் அடுத்து என்ன என்று அவருக்குத் தெரியாது.

உதவி தேவைப்படும் நான்கு பேர் சேர்ந்து வாழும் வீட்டில் மாமா இருக்கிறார். சனிக்கிழமை நான் போனபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாளர் அண்ணா அங்கே இருந்தார். தங்கமான மனசு. அவசரம்தான் கொஞ்சம் அதிகம்.

பதினொரு மணிக்குச் சலவைக்கடை அக்கா வருவதாக இருந்தது. மாமா மடிப்பது பிடித்துவிட்டால் வேலை தருவார். ஒரு மாதமாக மாமாவுக்கு இதே பேச்சுதான்.

ஆனால், மாமா துண்டுக் குவியலுக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். சுவர் காலியாக இருந்தது.

"பாவம், இவருக்கு மனசு சரியில்ல போல," என்றார் அண்ணா. "இன்னிக்கு ஓய்வெடுக்கட்டும். கடைக்கார அக்காவை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

போனையும் கையில் எடுத்துவிட்டார். மாமாவின் கண்கள் கலங்கின.

"இருங்கண்ணா. படமெல்லாம் எங்க?"

"டீச்சரம்மாகிட்ட. அவங்க காலையிலேர்ந்து எதுவுமே செய்யல. சொல்லிக் குடுக்கலாமேன்னு எடுத்துட்டுப் போனேன்."

ஜன்னலோரம் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவரும் அந்த நால்வரில் ஒருவர், இருபது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். அவர் மடியில் மாமாவின் படங்கள்.

"'இது து...ண்...டு'ன்னு கத்திக் கத்திச் சொன்னாரும்மா," என்றார் டீச்சர். "துண்டு எனக்குத் தெரியும். எழுந்திருக்கத்தான் முடியல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுட்டீங்களேண்ணா."

"ரெண்டு பேருக்கும் உதவி வேணும்னுதானே சொன்னாங்க?"

"வேணும். ஆனா வேற வேற உதவி. மாமா பொறந்ததிலேர்ந்தே எதையும் மெதுவாத்தான் கத்துக்குவாரு. அவருக்குப் படம் வேணும். டீச்சருக்கு எல்லாம் தெரியும். சில நாள் மனசு ரொம்ப பாரமாயிடும். அப்ப யாராவது பக்கத்துல இருக்கணும்."

அண்ணா நாக்கைக் கடித்துக்கொண்டார். போன் பைக்குள் போனது.

படங்களை நான் மளமளவென்று ஒட்டினேன். ஐந்தாவதைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். மாமாதான் அதை எடுத்து நேராக ஒட்டினார். "அவசரப்படாத," என்று எனக்குப் புத்தியும் சொன்னார்.

அண்ணா போய் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதுவும் பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முகத்திலேயே தெரிந்தது.

"இப்படியே கொஞ்ச நேரம் இருங்க தம்பி," என்றார் டீச்சர்.

பதினொரு மணிக்கு வந்த சலவைக்கடை அக்கா, மாமா மடித்த துண்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"என் கடையிலகூட இப்படி மடிக்க ஆளில்ல. படங்களையும் எடுத்துட்டு வந்துடுங்க, அங்கயும் ஒட்டிக்கலாம். எப்பலேர்ந்து வர்றீங்க?"

மாமா ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த அக்காவுக்கு முந்தியே வாசலில் போய் நின்றார்.

"கெளம்பலாமா?" என்றார்.