கூடைக்கு மூன்று கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை, பொற்கொடி பூமியில் ஏரல் என்ற ஊரில் இருக்கும் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். சரியாகச் சொன்னால், அவளுடைய குரலில் துணைமதி பேசிக்கொண்டிருந்தது. பொற்கொடி தன் பாட்டுக்குக் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். நிலவுக் குடியிருப்பில் இதை யாரும் தவறாக நினைப்பதில்லை. வீட்டுச் சுவருக்குள் குடியிருக்கும் துணைமதி, வீட்டுக்காரரின் குரலையும் பேச்சையும் கற்றுக்கொண்டு, வரி கட்டுவது முதல் துக்கம் விசாரிப்பது வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மிச்சமாகும் நேரத்தில் மனிதர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் செய்யலாம்.

பொற்கொடிக்குப் பிடித்தது ஒயர் கூடை. காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை முடிந்து வந்ததும், கழித்துப்போட்ட விண்ணுடைகளிலிருந்து உருவிய வண்ண வண்ண ஒயர்களோடு உட்கார்ந்துவிடுவாள். ஓர் இயந்திரத்திடம் சொன்னால் கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் கூடை பின்னிப் போடும்தான். ஆனாலும் கையால் பின்னிய நிலவுக் கூடைக்குப் பூமியில் அத்தனை கிராக்கி.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கூடை யாருக்கு, அதில் என்ன எடுத்துப் போவார், எந்த நிறத்தைப் பார்த்தால் அவர் முகம் மலரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வராமல் ஒரு முடிச்சுக்கூடப் போடமாட்டாள். மீன் வாங்கப் போகும் ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் வடியும்படி அடியில் இடைவெளி விட்டிருந்தாள். நூலகமே கதியாகக் கிடந்த ஒருவருக்குப் புத்தகம் சாயாமல் நிற்கும்படி ஒடுக்கமாகப் பின்னினாள். அவளுடைய பெயர் நிலைத்ததே இந்தக் கேள்விகளால்தான்.

அந்த வாரம் ஓர் ஆர்டர் வந்தது. 'என் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு கூடை. மற்றவை தயாரிப்பவர் விருப்பம்.' கேட்டவர் யாரென்று தெரியாது. பொட்டலம் கட்டும்வரை வாங்குபவர், தயாரிப்பவர் இருவரின் பெயரையும் ஊரையும் மறைத்து வைப்பது அங்கே சட்டம். துணைமதியிலும் கூடை ஆர்டர்களைக் கவனிக்கும் கடைப் பாதி, வீட்டுக் காரியங்களைக் கவனிக்கும் வீட்டுப் பாதி என்று இரண்டு உண்டு. ஒன்றின் ரகசியத்தை மற்றது அறியாது.

பொற்கொடி வழக்கம்போல் கேள்விகளை அனுப்பினாள்.

மறுநாள் வேலைக்கு ஓடும்போது வீட்டுப் பாதி குரல் கொடுத்தது. "அம்மா விஷயமாக உங்களிடம் ஒரு கேள்வி..."

"இப்ப நேரமில்ல. நீயே பாத்துக்க."

மாலையில் ஆர்டருக்குப் பதில் வந்திருந்தது. 'தயாரிப்பவர் விருப்பம்.'

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பச்சை ஒயரை எடுத்தாள், வைத்தாள். மறுபடியும் கேள்விகளை அனுப்பினாள். குளிக்கப் போகும்போது சுவர் மறுபடியும் பேசியது. "அம்மா விஷயமாக..."

"அதான் சொன்னேன்லா, நீயே பாத்துக்கன்னு!"

திரும்பி வந்தபோது அதே பதில் காத்திருந்தது. 'தயாரிப்பவர் விருப்பம்.'

"ஏதோ ஒரு கலர்ல பின்னி அனுப்பிவிடேன். ஆர்டர் தந்த ஆளே கவலப்படல, நீ எதுக்கு உசுர விடுத?" என்றார் நிலையத்தில் உடன் வேலை பார்க்கும் ஜெபமணி.

"அந்தம்மாவ நெனச்சுப் பாருங்கண்ணே. கூடையத் தூக்கிட்டு, எம்பிள்ள எனக்குன்னு சொல்லிச் செஞ்சதுன்னு ஊரெல்லாம் காட்டுவா. பெத்தவளுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லக்கூட நேரமில்லாத பிள்ளைக்கு நான் பின்னிக் கொடுத்தா, அவள ஏமாத்துன மாதிரில்லா ஆயிரும்?"

அன்றைக்கே ஆர்டரை மறுத்தாள். காரணத்தையும் தன் வாயாலேயே சொல்லிப் பதியவைத்தாள். பிறந்தநாளுக்குள் பூமிக்குப் போய்ச் சேரக்கூடிய கடைசிச் சரக்குக் கலம் அந்தக் கூடை இல்லாமலே புறப்பட்டது. முகம் தெரியாத ஒரு தாய்க்காக வாதாடி ஜெயித்துவிட்ட நிறைவோடு பொற்கொடி நன்றாகத் தூங்கினாள்.

காலையில் வீட்டுப் பாதி தயங்கித் தயங்கிப் பேசியது. "வருத்தமான செய்தி. உங்கள் அம்மாவின் பிறந்தநாளுக்கு நான் சொல்லியிருந்த பரிசைத் தர மறுத்துவிட்டார்கள்."

"யாரு? எதுக்கு?"

"காரணத்தை அப்படியே வாசிக்கிறேன். 'உங்கள் தாயாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அதுவரை அவருக்கு எதுவும் அனுப்பாமல் இருப்பதே மரியாதை.'"

பொற்கொடி தானே சொல்லிப் பதியவைத்த வார்த்தைகள் அவை. தன் மூன்று கேள்விகளையும் தனக்கே போட்டுப் பார்த்தாள். கூடை அம்மாவுக்கு, அது சரி. அம்மா இப்போதும் கடைத்தெருவுக்குப் போகிறாளா? நடக்க முடிகிறதா? எந்த நிறம்? அம்மா கடைசியாக என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்பதே நினைவுக்கு வரவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"அம்மாவைக் கூப்பிடு."

"நான் பேசிவிடட்டுமா?"

"வேண்டாம். நான் பேசுதேன்."

மறுமுனையில் அம்மா எடுத்ததும், அழுகை முந்திக்கொள்வதற்குள் பொற்கொடி படபடவென்று கேட்டாள். "அம்மா, உனக்கு என்ன கலரும்மா பிடிக்கும்?"

நிலவிலிருந்து குரல் போய்த் திரும்ப வழக்கமாக ஆகும் சிறு தாமதம் கழிந்தது.

"கொடி! நெசமாவே நீதானாட்டி?"

"நான்தாம்மா. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அதுன்னா, எடுத்த ஒடனே 'சாப்ட்டியாம்மா'ன்னுல்லா கேக்கும்."