அக்கா கட்டிவிட்டுப் போன கயிறு

பின்னறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் இளையவளுக்கு முதலில் உறைத்தது. எந்நேரமும் கொக்கரிப்பும் இறக்கையடிப்பும் கேட்கிற கதவு அது. இன்று கதவின் கீழிடுக்கு வழியாக எச்சத்தின் கார நெடி மட்டும் கசிந்தது; அதற்கும் அடியில், துருப்பிடித்த ஆணியை நனைத்து வைத்தது போல இன்னொரு வாடை.

வீட்டுக்குள்ளே கோழி எப்படி வந்தது என்று கேட்பீர்கள், கண்ணுகளா. எங்கும் பறவைக்காய்ச்சல், கோழிகளை வெளியே விடக்கூடாது என்று உத்தரவு. காலில் ஆபரேஷனுக்குப் போகுமுன் அக்கா தன் கோழிகளைப் பின்னறைக்கு மாற்றி, ஜன்னலுக்கு வலையடித்து, ஏறி உட்கார மரக்கிளைகளைக் குறுக்கே கட்டி, புரண்டு குளிக்கத் தொட்டியில் மணலும் சாம்பலும் நிரப்பி, கிளறித் தேட வைக்கோலுக்குள் தானியம் தூவி, உத்தரத்திலிருந்து ஒரு கயிறும் தொங்கவிட்டிருந்தாள். தினம் ஒரு முட்டைக்கோஸை அதில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். எட்டி எட்டிக் கொத்தி விளையாடும். அடைபட்ட கோழிக்கு வேலை இல்லையென்றால் பக்கத்துக் கோழியைத்தான் கொத்தும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"அப்படியே தாலாட்டும் பாடணுமாக்கா?" என்று சிரித்தாள் இளையவள்.

அக்கா போனதும், தும்மல் வருகிறதென்று மணலைக் கொட்டினாள். குப்பையென்று வைக்கோலை வாரி வெளியே போட்டாள். எச்சம் கழுவ அலுத்துக் கிளைகளையும் அவிழ்த்தாள். கோஸைத் தானே சமைத்துச் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா தவறாமல் போனில் கேட்பாள், கோஸ் கட்டினாயா என்று. கட்டினேன் என்பாள் இவள், கால் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசியபடியே.

அக்காவின் செல்லம் வெள்ளச்சி. அதன் வால் இறகுதான் முதலில் போனது. பிறகு முதுகு. சிவந்த தோலை மற்றவை வந்து வந்து கொத்தின. அதைத் தனியே பிரித்து வைத்திருக்கலாம். இவள் பல்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வலைமேல் சாக்கைத் தொங்கவிட்டாள். இருட்டில் கொத்தாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தன் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் அக்கா வருகிறாள். வருவதற்குள் ஒரு கோஸையாவது கட்டிவிட வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்ன, டார்ச்சும் கோஸுமாக உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள்.

வெறுங்காலடியில் தரை பிசுபிசுத்தது. வெளிச்சத்தில் இறகுகள், இறகுகள். கோழிகள் வட்டமாக நின்றன. ஒன்றும் அசையவில்லை. எல்லாத் தலைகளும் மேலே பார்த்திருந்தன.

கயிற்றில் ஏதோ தொங்கியது.

மெல்ல ஆடியது.

உடம்பில் இறகே இல்லை. கால்மூட்டில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

கயிற்றில் இருந்தது அக்கா போடும் இரட்டை முடிச்சு.

ஒரு கோழி எட்டிக் கொத்திவிட்டு விலகியது. அடுத்தது வந்தது. அடிதடி இல்லை. முறை வைத்து.

கோஸ் கைநழுவி உருண்டது. எதுவும் அதைப் பார்க்கவில்லை. டார்ச் வெளிச்சம் தாழ்ந்து அவள் பாதத்தில் விழுந்தது. நகமெல்லாம் சிவப்பு.

தலைகள் திரும்பின.

வாசலில் வண்டி நின்றது. கைத்தடி ஊன்றும் சத்தம் கூடத்தைத் தாண்டி நெருங்கியது.

கத்தினால் அக்கா கதவைத் திறப்பாள். திறந்தால் பார்ப்பாள். காலித் தொட்டியை. வெள்ளச்சியை. இவளை.

கை தானாகத் தாழ்ப்பாளைப் போட்டது.

"உள்ளயா இருக்க? கோஸ் கட்டுனியாடி?" கதவுக்கு அந்தப்பக்கம் அக்காவின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

கட்டைவிரலில் முதல் அலகு பட்டது. மெதுவாக. ருசி பார்ப்பது போல.

"கட்டிட்டேன்க்கா," என்றாள்.

அது விலகி, அடுத்ததற்கு இடம் விட்டது.