தாமதமில்லா அஞ்சல்

செவ்வாய்க் கிரகத்தில் யாரும் கடிதத்தைத் தேடிப் போவதில்லை. கண்ணை மூடினால் போதும், இமையின் உட்புறத்தில் வந்து நிற்கும். அதனால்தான் குப்பை அஞ்சல் அங்கே பெரிய தொல்லை. அசந்து படுக்கிறவன் இமைக்குள் பல்பொடி விளம்பரம் வந்து ஆடினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அதைத் தடுக்கும் சல்லடை ஜெபக்கனியின் பொறுப்பில் இருந்தது. அவளுடைய அஞ்சல் சர்வர் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்து மேய்ந்துதான் வெளியே விடும். குப்பை நுழையாது, நல்ல கடிதமும் வரிசையில் காத்துக் கிடக்கும். காற்றடைத்த நான்காம் கூடாரத்தில் சுரங்க வேலை பார்த்த அவள் தம்பி தேவநேசன், நேரில் வந்தபோதே குறைபட்டுக்கொண்டான்.

"யக்கா, கூட்டாளிகிட்ட ஒண்ணு கேட்டா, பதில் வாரதுக்குள்ள கேட்டதே மறந்து போவுது. சட்டுபுட்டுன்னு விடக் கூடாதா?"

"விட்டா குப்பையும் சேந்துல்லா வரும். அப்புறம் எங்கிட்ட வந்து கத்தப்பிடாது."

ஆனாலும் ஊரே முணுமுணுத்ததால் ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் கடிதத்தைத் திறக்கிறோம், யார் கடிதத்தைப் படிக்காமலே சிமிட்டித் தள்ளுகிறோம் என்பதைச் சல்லடை கவனிக்கும். திறப்பது சோதனையின்றிப் பாயும். தள்ளுவது நேரே குப்பைக்குப் போகும். கடிதங்கள் பறந்தன. அவளுக்குப் பாராட்டு விழாவே நடத்தினார்கள். தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் காலை, குப்பைக் கிடங்கில் ஒரே கடிதம் திரும்பத் திரும்ப வந்து விழுவதைக் கண்டாள். பாதுகாப்புத் துறை அனுப்பியது: 'நான்காம் கூடாரத்தில் காற்று கசிகிறது. உடனே வெளியேறவும்.' அந்தத் துறையின் வாராந்தர ஒத்திகை அறிவிப்புகளை எவரும் படித்ததில்லை. காது வலிக்கிறது என்று சொல்லி அபாயச் சங்கையும் நிறுத்த வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள்.

உடனே 'நேசா, மூச்சுக் கவசத்த மாட்டிட்டு ஓடு' என்று தம்பிக்கு எழுதினாள். அவன் திறக்கவில்லை. தேடினால், அதுவும் குப்பையில் கிடந்தது. அதற்கடியில் அவள் மாதக்கணக்காக எழுதியவை: சாப்பிட்டியா, இருமல் எப்படி இருக்கு, கவசத்தக் கழட்டாத. ஒன்றைக்கூட அவன் திறந்ததில்லை.

எல்லாவற்றையும் அள்ளி அள்ளி விடுவித்தாள். திறக்கத்தான் நான்காம் கூடாரத்தில் யாரும் மிச்சமில்லை.

அழுகை முட்டிக் கண்ணை மூடினாள். இமைக்குள் தம்பியின் கடிதம் நின்றது. அவன் கடிதத்தை அவள் ஒருநாளும் தள்ளியதில்லை. பனித்துளியோடு ஒரு ரோஜா: 'இனிய காலை வணக்கம்! இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள், நல்ல செய்தி வரும்.' காற்று தீர்ந்துகொண்டிருந்தபோது அனுப்பியிருக்கிறான். நொடிகூடத் தாமதமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.